நடுக்கமில்லாத பதினொரு ஞாயிறுகள்

1

என் அப்பாவின் நினைவு நாளை நான் ஒரு மாதம் தள்ளித்தான் வைத்துக்கொள்கிறேன். அவர் இறந்த தேதி எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தத் தேதியில் விளக்கேற்ற எனக்குக் கை வருவதில்லை. அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒட்டாவா நகரத்தில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து, அப்பா நலமாக இருக்கிறார் என்று நோட்டுப் புத்தகத்தில் ஒரு டிக் போட்டேன். அடுத்த மூன்று ஞாயிறும் போட்டேன். ஆகவே, செய்தி என் காதுக்கு வந்து சேர்ந்த நாளையே அவருடைய நாளாக வைத்துக்கொண்டேன். அது மார்ச் மாதத்தில் வருகிறது. இங்கே அப்போதும் பனிதான். ஊதுபத்தி கொளுத்தினால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும் என்பதால், படத்துக்குக் கீழே மெழுகுவத்தி ஒன்றும் ஒரு கோப்பை வெறுந்தேநீரும் மட்டும்.

இந்த வருடம் அந்த நாளில் வேறு ஒன்று நடந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் அப்பாவைப் பற்றியும் என் வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு வராது.

2

ஊரிலிருந்து யாராவது பேசினால் கேட்கும் முதல் கேள்வி, “கம்ப்யூட்டர் வேலைதானே?” என்பது. இருபது வருடமாக ஆமாம் என்று சொல்லித் தப்பித்து வருகிறேன். இன்றைக்கு ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கம்பியில் ஒரு நொடிக்குள் கோடிக்கணக்கில் ஒன்றும் சுழியும் ஓடி வருகின்றன. எந்தக் கணத்தில் பார்த்தால் ஒன்று, எந்தக் கணத்தில் பார்த்தால் சுழி என்று சொல்லித்தர ஒரு கடிகாரம் வேண்டும். அந்தக் கடிகாரத்தை இன்னொரு கம்பியில் கூடவே அனுப்பலாமே என்று தோன்றும். இந்த வேகத்தில் அது நடக்காது. இரண்டு கம்பிகளும் ஒன்றுபோல வந்து சேர்வதில்லை. எனவே கடிகாரத்தை அனுப்புவதே இல்லை. வாங்குகிற பக்கம்தான், வருகிற செய்தியிலிருந்தே நேரத்தைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். சுழி ஒன்றாக மாறும்போதும், ஒன்று சுழியாக மாறும்போதும் ஒரு விளிம்பு தெரியும். அந்த விளிம்பு நாம் நினைத்ததைவிட முந்தி வந்ததா, பிந்தி வந்ததா? முந்தி வந்தால் நாமும் கொஞ்சம் முந்த வேண்டும். பிந்தினால் பிந்த வேண்டும். ஓயாமல் இதையே செய்துகொண்டிருக்கும் சின்ன மின்சுற்று ஒன்று கணினிச் சில்லுக்குள் இருக்கிறது. அதை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு.

விளிம்புகள் ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. சற்று முன்னே பின்னே ஆடித்தான் வரும். அதற்கு ஆங்கிலத்தில் பெயர் உண்டு. வந்த புதிதில் அந்தப் பெயர் வாய்க்கு வராமல், நடுக்கம் என்று நானே மனதில் வைத்துக்கொண்ட தமிழை அப்படியே மொழிபெயர்த்து, குளிரில் நடுங்குவதற்குச் சொல்லும் வார்த்தையைச் சொல்லிவிட்டேன். கூட்டத்தில் ஒருவர், சில்லுக்கு ஸ்வெட்டர் வாங்கித் தரலாமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்குப் போய் அழுதேன். இப்போது எங்கள் குழுவில் பாதிப்பேர் நான் சொன்ன வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ஒருநாள் ஓடி வந்து, நடுக்கம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, அளவு அவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று குதிப்பார்கள். நான் திரையைக்கூடப் பார்க்க மாட்டேன். கேபிளைப் போய்ப் பார் என்பேன். பெரும்பாலும் கேபிள் மாற்றிச் செருகப்பட்டிருக்கும். அளக்கும் கருவி, தூரத்திலிருந்து வரும் செய்தியைப் பார்க்காமல், தன்னுடைய கடிகாரத்தையே தான் பார்த்து மெச்சிக்கொண்டிருக்கும். தொலைவிலிருந்து உண்மையிலேயே வருகிற எதுவும் அத்தனை சுத்தமாக வராது. இந்தப் பாடத்தை இதுவரை நாற்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். சொல்லும்போதெல்லாம் எனக்கு வாய் கசக்கும்.

3

நான் பிறந்தது கூடலூருக்குப் பக்கத்தில், ஓவேலியில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பா பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தோட்டத்தில். கப்பலேறி வந்தவர்களின் பேச்சு கடைசிவரை அவர் வாயில் இருந்தது. மைல் என்று சொல்ல மாட்டார், கட்டை என்பார். காலையில் ஆள் சேர்க்கும் இடம் அவருக்குப் பெரட்டுக்களம்தான். நான் எட்டாவது படிக்கும்போது அம்மா போய்விட்டார். அதற்குப் பின் அப்பாவும் மகளுமாக நாங்கள் இரண்டே பேர்.

அப்பாவுக்குத் தோட்டத்துத் தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரத்தில் வேலை. அவரிடம் கைக்கடிகாரம் இருந்ததில்லை. தொழிற்சாலைச் சங்கு இருந்தது. ஐந்தரைச் சங்குக்கு எழுந்து, ஏழு மணிச் சங்குக்கு உள்ளே போய், மூன்றரைச் சங்குக்கு வெளியே வருவார். சனி, ஞாயிறு பார்க்காமல் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் அந்தச் சங்குக்குத்தான் சோறு பொங்கியது.

நான் கோயம்புத்தூரில் பொறியியல் முடித்து, மேல்படிப்புக்கு இங்கே வந்த சமயத்தில்தான் தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால் சும்மா இல்லை. பறித்த இலையை எடுக்க ஆளில்லாமல் ரோட்டோரம் கொட்டினார்கள். எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையை ஒருநாள் பூட்டினார்கள். சங்கும் நின்றது. பலர் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போனார்கள். அப்பா போகவில்லை. வேறு தோட்டங்களில் வாரத்துக்கு மூன்று நாள் கொழுந்து எடுக்கப் போனார். ஆண்கள் கொழுந்து பறிப்பதைப் பார்த்துச் சிரிக்கிற ஊர் அது. அப்போது சிரிக்க யாரும் மிச்சமில்லை.

லயத்தில் போன் கிடையாது. மூன்று கட்டை தள்ளி இருந்த கடைத்தெருவில் ஹனீபா மாமா தொலைபேசி பூத் வைத்திருந்தார். அப்பாவுக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா பூத்துக்கு நடந்து வருவார். என் எண்ணைப் போட்டு, இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிடுவார். நான் எடுக்கக் கூடாது. இரண்டு மணி என்றால் நலம். தொடர்ந்து அடித்தால் எடுக்க வேண்டும். மாதத்தில் ஒருமுறை நான் பூத்துக்குக் கூப்பிட்டுப் பேசுவேன். அந்தக் காலத்தில் இப்படி ஏற்பாடு வைத்துக்கொள்ளாத குடும்பமே எங்கள் பக்கம் இருந்திருக்காது.

அங்கே சாயங்காலம் ஐந்து என்றால் குளிர்காலத்தில் எனக்குக் காலை ஆறரை. போனில் எண்ணும் நேரமும் விழும். தொழில் புத்தி, நான் அதை ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். ஆறு இருபத்திரண்டு. ஆறு ஐம்பத்தொன்று. ஏழு ஐந்து. சங்கு நின்ற பிறகு நேரம் இன்னும் சிதறியது. வெயிலையும் பசியையும் பார்த்து அவர் கிளம்பியிருப்பார். மழை பெய்தால் தள்ளும். வழியில் யானை நின்றால் அது நகரும்வரை நிற்க வேண்டும். ஒருநாள் எட்டே காலுக்கு வந்தது. அதுவரை எனக்குத் தண்ணீர் இறங்கவில்லை. அடுத்த முறை பேசும்போது, தயவுசெய்து ஒரு வாட்ச் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சண்டை போட்டேன்.

“வாட்ச்ச பாத்தா ஆன நவுந்துருமா?” என்றார் அப்பா.

4

படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்து, அந்தக் காலத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். வேலை அனுமதி முடிந்து புதுப்பிப்பு நிலுவையில் இருந்தது. இந்த நிலைமையில் நாட்டைவிட்டு வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. படிவம் ஒருமுறை திரும்பி வந்தது. தந்தையின் முகவரியில் தெருப் பெயர் இல்லையாம். லயத்துக்கு ஏது தெரு? ஏழாம் நம்பர் லைன், கடைசி வீடு என்று எழுதியிருந்தேன். அடுத்து, அப்பா இலங்கையில் பிறந்து இந்தியக் குடிமகனாக இருப்பது எப்படி என்று விளக்கம் கேட்டார்கள். அந்த இரண்டு நாட்டு அரசாங்கங்களும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்ட கதையை அரைப்பக்கத்தில் எழுதினேன். இப்படியே நான்கு மாதம் தள்ளிப்போனது. அந்த நான்கு மாதத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு, ஆறு முப்பதுக்கு மணி அடித்தது. அடுத்த ஞாயிறும் ஆறு முப்பது. அதற்கடுத்ததும் ஆறு முப்பது. நான் என்ன நினைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா கடைசியில் வாட்ச் வாங்கிவிட்டார், என் பேச்சையும் ஒருவர் கேட்கிறார் என்று பெருமையாக இருந்தது. நோட்டில் அந்த மூன்று நேரத்தையும் அடித்துவிட்டு டிக் ஆக்கினேன், அதற்குப் பின் நேரம் எழுதுவதையே விட்டு வெறும் டிக் போட ஆரம்பித்தேன்.

அப்போது நான் வடிவமைத்த முதல் மின்சுற்று தயாரிப்புக்குப் போகும் நேரம். சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஆய்வகத்தில்தான். பூத்துக்கு ஒரே ஒருமுறைதான் பேசினேன். அப்பா பந்தலூர் பக்கம் கொழுந்து வேலைக்குப் போயிருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்று ஹனீபா மாமா சொன்னார். ஊரே வேலை தேடி அலைந்த காலம் அது. அப்படியானால் ஞாயிறுதோறும் சரியாக ஐந்து மணிக்குப் பூத்தில் நிற்பது யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நடுக்கத்தை அளந்து சம்பளம் வாங்குகிற எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் மாதம் கடிதம் வந்தது. வசிப்புரிமை கிடைத்துவிட்டது. அன்று ஞாயிறுகூட இல்லை. இருந்தாலும் பொறுக்க முடியாமல் பூத்துக்கு அடித்தேன். மாமா, பேப்பர் வந்துவிட்டது, அப்பாவை வரச்சொல்லுங்கள், அரைமணி கழித்துக் கூப்பிடுகிறேன் என்றேன்.

“கெடச்சிருச்சா மோளே? கையில வந்திருச்சா? நல்லாப் பாத்தியா?” என்றார் மாமா.

ஆமாம் என்றேன்.

“அப்படீன்னா இனிச் சொல்லலாம்,” என்று சொல்லிவிட்டு அவர் அழ ஆரம்பித்தார்.

5

அப்பா நெஞ்சில் சளி கட்டி டிசம்பரிலேயே படுத்துவிட்டார். கூடலூர் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். ஏழு வாரம் லயத்தில் கிடந்தார். படுத்த முதல் வாரமே ஹனீபா மாமாவை வரவழைத்திருக்கிறார். அவரிடம் அப்பா சொன்னதை நான் ஊருக்குப் போனபோது மாமா அப்படியே சொல்லிக் காட்டினார்.

“அவ தாளு கையில வந்து சேருற மட்டும் வாயத் தொறக்காதீங்க பாய். கேட்டா ஓடியாந்துருவா. வந்தா அங்கிட்டுப் போக ஏலாது. ஞாயித்துக்கெழம ரெண்டு மணி மட்டும் அடிச்சு வுட்டுருங்க.”

ஏழு ஞாயிறு அப்பா உயிரோடு இருக்கும்போது அடித்த மணி. நான்கு ஞாயிறு அவர் மண்ணுக்குள் போன பிறகு அடித்த மணி. மொத்தம் பதினொன்று.

பூத்தில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. தொழுகை நேரம் தவறக் கூடாதென்று மாமா தினமும் வானொலியோடு ஒத்துவைக்கும் கடிகாரம். அதன் முள் ஐந்தைத் தொட்டதும் அவர் எண்ணைப் போட்டிருக்கிறார். கடையில் ஆள் நின்றாலும் காத்திருக்கச் சொல்லிவிட்டு அடித்திருக்கிறார். அவருக்கு அது படுத்துக் கிடந்தவருக்குக் கொடுத்த வாக்கு.

“ஒரு வாரங்கூடத் தப்ப விடல மோளே. ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆகல,” என்றார்.

அவரிடம், நீங்கள் கொஞ்சம் தவறியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்காது, ஆனால் தவறாமல் அடித்தபோதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை, அந்தக் குற்றம் உங்களுடையது இல்லை என்றா சொல்வது? அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் இப்போது இல்லை.

லயத்து வீட்டில் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வாட்ச் எதுவும் இல்லை.

6

எனக்கு ஒரே மகள், பெயர் கயல். அவளுடைய அப்பாவும் நானும் பிரிந்து எட்டு வருடம் ஆகிறது. கயல் கிங்ஸ்டனில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம். தமிழ் புரியும். பேச்சில் பாதி தமிழ் வரும், மீதியை ஆங்கிலம் நிரப்பும். பதினைந்து வயதுவரை என் மடியைவிட்டு இறங்காதவள், அதற்குப் பின் கதவைச் சாத்திக்கொள்ளப் பழகினாள். நான் கேட்கும் கேள்விகள் எல்லாம் விசாரணை மாதிரி இருக்கின்றன என்றாள். அதில் உண்மை இருந்தது. கடைசியில் ஒரு சமரசம். தினமும் காலையில் ஒரு செய்தி போட்டுவிட வேண்டும். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது. “குட் மார்னிங் அம்மா. ஆல் குட்.” அவ்வளவுதான். அப்பாவின் இரண்டு மணிச் சத்தம்தான் அது என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இந்த மார்ச்சில் அப்பாவின் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் பழைய நோட்டை எடுத்துப் புரட்டினேன். வருடாவருடம் புரட்டுவதுதான். ஆறு இருபத்திரண்டு, ஆறு ஐம்பத்தொன்று, ஏழு ஐந்து, எட்டே கால். அப்புறம் வரிசையாகப் பதினொரு டிக். அப்போது மேசைமேல் போன் ஒளிர்ந்தது. குட் மார்னிங் அம்மா, ஆல் குட். மணி பார்த்தேன். ஏழு முப்பது.

போனை எடுத்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். நேற்று ஏழு முப்பது. முந்தாநாள் ஏழு முப்பது. இருபத்தாறு நாள் ஏழு முப்பது. அதற்கு முன்னால் எட்டு பன்னிரண்டு, பதினொன்று நாற்பது, ஒருநாள் எதுவுமே இல்லாமல் மறுநாள் இரண்டு. தாமதமாக எழும் பெண் அவள். ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு எழுந்த சரித்திரமே கிடையாது. இப்போதெல்லாம் செய்தியை முன்கூட்டியே எழுதிப் போனிடம் ஒப்படைத்துவிடலாம், சொன்ன நேரத்துக்கு அது அனுப்பிவிடும்.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மெழுகுவத்தியை ஊதி அணைத்தேன். அப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

நெடுஞ்சாலையில் உழுது தள்ளிய பனி இரண்டு பக்கமும் அழுக்காகக் கிடந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் வேண்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. மாமா மாதிரி யாராவது அவளுக்காகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கவாவது வேண்டும் என்றுகூட ஒருகணம் தோன்றியது. அனுப்ப ஓர் ஆளாவது பக்கத்தில் இருக்கிறான் என்று ஆகுமே. இயந்திரம் ஒப்புக்கொண்ட வேலையை நிறுத்தாது. யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏழு முப்பதுக்கு அனுப்பும்.

அவள் தங்கியிருந்த வீட்டில் மணியை நான்குமுறை அழுத்தினேன். ஐந்தாவது முறைக்குக் கை போனபோது உள்ளே காலடி கேட்டது. கயல்தான் திறந்தாள். கன்னம் ஒட்டிக் கிடந்தது. தலைமுடி சிக்குப் பிடித்து ஒரு பக்கமாக அப்பியிருந்தது. பின்னால் அறையில் திரை இழுத்துவிட்ட இருட்டு, தரையெல்லாம் காய்ந்துபோன பால் கிண்ணங்கள். ஒரு மாதத்துக்கு மேலாக வகுப்புக்குப் போகவில்லை என்றும், பல நாள் கட்டிலைவிட்டே இறங்கவில்லை என்றும் பிறகு தெரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் மாத்திரைப் பட்டை ஒன்று பிரிக்காமல் இருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எப்படிம்மா தெரிஞ்சுது? நான் டெய்லி கரெக்டா அனுப்பினேனே,” என்றாள்.

“கரெக்டா வந்துச்சு கண்ணு. அதான் வந்தேன்,” என்றேன்.

அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நான் அழவில்லை. குளியலறைக்குக் கூட்டிப்போய், வெந்நீர் திருப்பி, அவள் தலையைச் சிக்கெடுத்துக் கழுவிவிட்டேன். ஒரு மணி நேரம் ஆனது.

7

ஆறு வாரம் வீட்டில் என்னோடு இருந்தாள். மருத்துவரிடம் போகிறோம். இன்னும் போகத்தான் வேண்டும். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போன வாரம் பிடிவாதமாகக் கிங்ஸ்டனுக்குத் திரும்பிப் போய்விட்டாள். பிடித்து நிறுத்தக் கூடாது என்று மருத்துவரும் சொன்னார்.

புது ஏற்பாடு ஒன்று வைத்திருக்கிறோம். போனிடம் ஒப்படைக்கக் கூடாது, எழுந்த நேரத்துக்கு அவள் கையாலேயே அனுப்ப வேண்டும். ஆல் குட் என்று எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு புள்ளி வைத்தாலும் போதும். அப்பாவின் நேரங்களைக் குறித்த பழைய நோட்டிலேயே, அந்தப் பதினொரு டிக்குகளுக்குக் கீழே, அவளுடைய நேரங்களைக் குறித்துவருகிறேன். திங்கள் ஒன்பது ஐம்பது. செவ்வாய் மத்தியானம் ஒன்றே கால். புதன் ஏழு நாற்பத்தெட்டு, தூக்கமே இல்லை என்று ஒரு வரியோடு. இந்தச் சிதறலைப் பார்க்கப் பார்க்க எனக்கு மூச்சு வருகிறது.

இன்று வியாழன். மணி இரண்டாகப் போகிறது, இன்னும் வரவில்லை. கார்ச் சாவி நோட்டின் மேல் இருக்கிறது.